ஆபரேஷனுக்கு முன்னால்: அண்ணிக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம், எதை விட்டோம்

அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, ஆபரேஷனுக்கு முன்னாடியே அல்ட்ராசவுண்ட் வெச்சு கட்டியைச் சுடுறாங்களாம். கூட இம்யூனோதெரபியும் கீமோவும் குடுத்தா, உடம்பே கேன்சரைத் தேடிப் போய் அடிக்குமாம். அமெரிக்காவுல பண்றாங்க. அம்மாவுக்கு நம்ம ஊர்ல கிடைக்குமா?"

பெங்களூரில் பத்தொன்பது வருடமாகக் கீமோ டே-கேரில் நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வியை நோயாளிகளின் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டிலிருந்து வந்தபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. "காலைல ரிப்போர்ட்டோட வாடா" என்று மட்டும் சொன்னேன்.

ஓசூரிலிருந்து அண்ணனும் அண்ணியும், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து பையனும் வந்தார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அந்த ரிப்போர்ட்டை விரித்து வைத்து இரண்டு மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சையும், அதற்குப் பிறகு டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். ஓசூர் ரோடு ஆஸ்பத்திரி வராந்தாக்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வாணியம்பாடித் தமிழ் நாள் முழுக்கக் காதில் விழும். அங்கே ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது உதவட்டும்.

முதலில் ரிப்போர்ட். அண்ணிக்கு வயது 44. கட்டி மூன்றரை சென்டிமீட்டர், அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சு வீங்கியிருந்தது. ஈஆர், பிஆர் என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் பூஜ்யம், ஹெர்2 என்ற புரதம் ஒன் ப்ளஸ். ஹெர்2 ஒன் ப்ளஸ் என்பதைப் பார்த்துப் பையன் "பாசிட்டிவ்தானே" என்றான். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. த்ரீ ப்ளஸ் என்றால்தான் பாசிட்டிவ். டூ ப்ளஸ் வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். பூஜ்யமோ ஒன்னோ என்றால் இந்தக் கட்டத்தில் நெகட்டிவ் கணக்குதான். ஆக அண்ணிக்கு வந்திருப்பது மூன்றுமே நெகட்டிவ், அதாவது ட்ரிப்பிள் நெகட்டிவ்.

இந்த மூன்று வரியைப் படிக்காமல் எந்த ஒப்பீட்டிலும் இறங்கக் கூடாது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் பாதையே வேறு: கீமோவோடு ஹெர்2-வைக் குறிவைக்கும் ட்ராஸ்டுஸுமாப், முடிந்தால் பெர்டுஸுமாப். இதில் ட்ராஸ்டுஸுமாபுக்கு இணையான மருந்தை நம் பெங்களூர் பயோகானே தயாரிக்கிறது. ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் பலருக்கு ஆபரேஷனை முதலில் செய்துவிட்டு மாத்திரையில் போகலாம்; இம்யூனோதெரபி அங்கே இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. நான் கீழே எழுதுவது ட்ரிப்பிள் நெகட்டிவுக்கு, அதுவும் இரண்டாம், மூன்றாம் நிலைக்கு மட்டும்.

அண்ணனுக்கு ஒரே கேள்வி: "கட்டி இருக்குன்னு தெரிஞ்சதும் எடுத்துடக் கூடாதா? ஆறு மாசம் உள்ளேயே வெச்சுக்கிட்டு இருக்கணுமா?"

நியாயமான பயம். இதை 1988-லேயே அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் சோதிக்கத் தொடங்கினார்கள். என்எஸ்ஏபிபி பி-18 என்று பெயர், 1,500-க்கு மேற்பட்ட பெண்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன் முதலில், பாதிப் பேருக்கு அதே கீமோ முதலில். உயிர் பிழைப்பதில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. கீமோ முதலில் வாங்கியவர்களில் அதிகம் பேருக்கு மார்பகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க முடிந்தது. ஆகவே முதலில் கீமோ கொடுப்பதால் நோய் முற்றிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

ட்ரிப்பிள் நெகட்டிவில் இன்னொரு லாபமும் உண்டு, என் கண்ணுக்கு அதுதான் பெரியது. கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து வேலை செய்கிறதா என்பதை விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம். ஆபரேஷன் நாளில் எடுத்த திசுவில் புற்றுச் செல் ஒன்றுகூட இல்லையென்றால் நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறைவு. மிச்சம் இருந்தால் அதற்குத் தக்க அடுத்த மருந்து கொடுக்கலாம்: கேப்சிட்டபின் மாத்திரை, பிஆர்சிஏ மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓலாபரிப். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் கையில் கிடைக்காது. 44 வயதில் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்றால் பிஆர்சிஏ ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது. அது அண்ணிக்கு மட்டுமல்ல, அவருடைய தங்கைகளுக்கும் தேவைப்படும் பதில்.

அடுத்து, எந்தக் கீமோ. சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்கிற டாக்ஸோரூபிசின், அதோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடு, அப்புறம் பாக்லிடாக்ஸெல். இது பழைய அடித்தளம். இதோடு கார்போபிளாட்டின் சேர்ப்பதா என்பதில் ரொம்ப நாள் இழுபறி இருந்தது. அதற்கு நல்ல பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. மும்பை டாடா மெமோரியலில் டாக்டர் சுதீப் குப்தா தலைமையில் 720 பெண்களைப் பத்தாண்டு காலம் சேர்த்துச் செய்த ஆய்வு. 2022 டிசம்பரில் சான் அன்டோனியோ மார்பகப் புற்றுநோய் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். 50 வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்குக் கார்போபிளாட்டின் சேர்த்ததால் நோய் திரும்புவது குறைந்தது, பிழைப்போர் எண்ணிக்கையும் கூடியது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு அந்த நன்மை தெரியவில்லை. கார்போபிளாட்டின் பழைய மருந்து, விலை குறைவு, அரசு ஆஸ்பத்திரியிலும் இருக்கும். 44 வயது அண்ணிக்கு இது பேச்சுக்கே இடமில்லாமல் வேண்டும் என்று நான் அந்த மேஜையிலேயே சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல் இம்யூனோதெரபி. பெம்ப்ரோலிசுமாப் என்பது மருந்தின் பெயர், கீட்ரூடா என்ற பெயரில் வருகிறது. புற்றுச் செல்கள் நம் நோய் எதிர்ப்பு அணுக்களான டி-செல்களின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. கீநோட்-522 என்ற ஆய்வில் 1,174 பேர். எல்லோருக்கும் கார்போபிளாட்டின் சேர்ந்த கீமோ; மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கூடவே பெம்ப்ரோலிசுமாப், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆபரேஷனுக்கு முன் எட்டுத் தவணை, பின் ஒன்பது. முதல் கணக்கெடுப்பில் ஆபரேஷன் திசுவில் புற்று இல்லாதவர்கள் 64.8 சதவீதம், கீமோ மட்டும் வாங்கியவர்களில் 51.2. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 86.6 சதவீதம், மற்றக் குழுவில் 81.7.

இந்த எண்களை நான் அண்ணனுக்கு வேறு மாதிரி சொன்னேன். நூறு பேர் இந்த மருந்தை வாங்கினால், கீமோ மட்டும் வாங்கியிருந்தாலும் 82 பேர் ஐந்து வருடம் தாண்டியிருப்பார்கள். இந்த மருந்தால் கூடுதலாக ஐந்து பேர். மீதிப் 13 பேரை இதுவும் காப்பாற்றவில்லை. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை, அந்த ஐவரில் ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். ஆனால் மருந்து வாங்க முடியாமல் போனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த 82-ஐ யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பக்க விளைவையும் நேராகச் சொல்ல வேண்டும். கீமோவின் தொல்லைகள் தெரிந்தவை: முடி கொட்டும், ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கும், விரல் நுனி மரத்துப் போகும். பெரும்பாலும் தற்காலிகம். இம்யூனோதெரபியின் தொல்லை வேறு வகை. பிரேக் விட்ட வண்டி நம் சொந்த உறுப்பின் மேலேயே மோதலாம். அந்த ஆய்வில் மருந்து வாங்கிய நூறில் சுமார் 15 பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்தது. பலர் அதற்கு நிரந்தரமாக மாத்திரை போட வேண்டியிருக்கும். சிலருக்கு அட்ரினல் சுரப்பி படுத்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. நுரையீரல் அழற்சி, குடல் அழற்சி வரலாம், மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். என் டே-கேரில் ஓர் அம்மா நான்கு நாள் பேதியை "நேத்து சாப்பிட்ட பிரியாணி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று டாக்டரைக் கூப்பிடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். குணமாகக்கூடிய நோய்க்கு இந்த மருந்தைக் கொடுக்கும்போது, குணமான பின்னும் மிஞ்சும் தொல்லையையும் சேர்த்து எடை போட வேண்டும்.

விலைக்கு வருவோம். அரசு 2021-ல் கீட்ரூடா மீதான ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது, 2023-ல் இறக்குமதி வரியையும் எடுத்தது. அப்படியும் ஒரு தவணை லட்சங்களில்தான். பதினேழு தவணைக்கு ஓசூரில் இருக்கிற வீட்டை விற்றாலும் கட்டாது என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். அண்ணி அப்போது சமையலறையில் இருந்தார்.

இங்கேதான் இன்னொரு வழி வருகிறது, எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது அதுதான். டெல்லி எய்ம்ஸில் பிளானெட் என்ற ஆய்வு செய்தார்கள். முழு அளவுக்குப் பதிலாக, ஆறு வாரத்துக்கு ஒரு முறை 50 மில்லிகிராம் பெம்ப்ரோலிசுமாப், மொத்தம் மூன்றே தவணை, கீமோவோடு. 157 பேர். 2025 அக்டோபரில் பெர்லினில் நடந்த எஸ்மோ என்ற ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் சொன்ன முடிவுப்படி, திசுவில் புற்று இல்லாதவர்கள் 53.8 சதவீதம், கீமோ மட்டும் வாங்கியவர்களில் 40.5. முழு அளவில் ஆபரேஷனுக்கு முன் மட்டும் 1,600 மில்லிகிராம் போகிறது, இங்கே 150. சிறிய ஆய்வு, ஐந்து வருடக் கணக்கு இன்னும் கையில் இல்லை, முழு அளவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்கவும் இல்லை. ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோயில் டாடா மெமோரியல் நிவோலுமாபை 20 மில்லிகிராம் கொடுத்து உயிர் நீட்டித்ததைக் காட்டியிருக்கிறது. குறைந்த அளவு என்பது ஏழைக்குக் கொடுக்கும் அரை வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். கேள்வியைச் சரியாகக் கேட்டுச் சோதித்திருக்கிறார்கள்.

இனி, பையன் ராத்திரி கேட்ட அல்ட்ராசவுண்ட் விஷயம்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருக்கிறோம் இல்லையா, அதே தத்துவம்தான். ஒலி அலைகளைப் பல திசையிலிருந்து அனுப்பி ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள்; குவி ஒலி அல்லது ஹைஃபு என்று இதைச் சொல்வார்கள். வழியில் இருக்கும் தோலுக்கு அதிகம் ஒன்றும் ஆகாது. குவியும் இடத்தில், ஓர் அரிசி மணி அளவுக்கு, சில நொடியில் 60 டிகிரி தாண்டுகிறது. செல்கள் வெந்து சாகின்றன. கொஞ்சம் நகர்த்தி அடுத்த அரிசி மணி. கர்ப்பப்பைக் கட்டிக்கு 2004-லும், கை நடுக்கத்துக்கு 2016-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. சூடாக்காமல் குமிழிகளால் திசுவை நொறுக்கும் இன்னொரு வகைக்குக் கல்லீரல் கட்டிக்காக 2023-ல் அனுமதி கொடுத்தார்கள். போனில் தேடினால் "அனுமதி பெற்றது" என்று வருவது இதையெல்லாம்தான். மார்பகப் புற்றுநோய்க்கு அந்த அனுமதி இல்லை.

மார்பகத்தில் யோசனை இன்னும் அழகானது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கட்டி முழுவதையும் சுட்டுத் தீர்ப்பதை அவர்கள் நோக்கமாக வைக்கவில்லை. ஒரு பகுதியைச் சுட்டால், உடைந்த செல்களிலிருந்து புற்றின் புரதங்கள் வெளியே சிதறும். நம் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு நிணநீர் முடிச்சுக்குப் போய் டி-செல்களுக்குக் காட்டும். திருடன் முகம் தெரியாத ஊருக்கு அவன் போட்டோவை ஒட்டுவதுபோல. ஆனால் புற்றுக்கட்டியைச் சுற்றி, டி-செல்களை நெருங்கவிடாமல் அடக்கும் மைலாய்டு செல்கள் காவல் நிற்கின்றன. குறைந்த அளவு ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்து அந்தக் காவலைக் குறைக்கும். பெம்ப்ரோலிசுமாப் டி-செல்லின் பிரேக்கை விடுவிக்கும். ஒலி முகத்தைக் காட்டுகிறது, கீமோ வழியைத் திறக்கிறது, இம்யூனோதெரபி ஓடவிடுகிறது. மூன்றையும் ஆபரேஷனுக்கு முன் கொடுத்தால், கட்டியை எடுத்த பிறகும் உடம்புக்குள் அந்த ஞாபகம் நிற்கும் என்பது எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் உள்ள வர்ஜீனியா பல்கலைக்கழகம் இதில் முன்னால் நிற்கிறது. அங்கே பரவிய நோயுள்ளவர்களுக்குக் குவி ஒலியோடு பெம்ப்ரோலிசுமாபும், ஆரம்ப நிலை உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் குவி ஒலியோடு ஜெம்சிட்டபினும் கொடுத்துச் சிறு சிறு ஆய்வுகள் நடத்துகிறார்கள். இவை என்ன கேட்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். "இது ஆபத்தில்லாமல் செய்யக்கூடியதா? எடுத்த கட்டியில் டி-செல் கூடியிருக்கிறதா?" இவ்வளவுதான். "இந்தப் பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்களா" என்று கேட்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

பையன் விடவில்லை. "கீமோ, இம்யூனோ ரெண்டையும் குடுத்துட்டு, மேல இதையும் சேர்த்தா நஷ்டம் என்ன அத்தை?"

நஷ்டம் உண்டு என்றேன். முதலில் நாள். ட்ரிப்பிள் நெகட்டிவ் வேகமாக வளரும். இடம் தேடி, விசா தேடி இரண்டு மாதம் போனால் அந்த இரண்டு மாதத்தை எந்த ஒலியும் திருப்பித் தராது. அடுத்து, தோலுக்கோ விலா எலும்புக்கோ ஒட்டியிருக்கும் கட்டியில் சுட்டால் தோல் வெந்துபோகும் அபாயம். மூன்றாவதை அதிகம் பேர் யோசிப்பதில்லை: ஆபரேஷன் திசுவைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தைத் தீர்மானிக்கிறோம். அதில் ஒரு பகுதியை வெளியிலிருந்து வேகவைத்துவிட்டால், கீமோ எவ்வளவு கேட்டது, சூடு எவ்வளவு செய்தது என்று பிரிப்பது கஷ்டம். ஆய்வுக்குள் அதற்கென்று திட்டம் இருக்கும். ஆய்வுக்கு வெளியே இருக்காது.

இதற்கிடையில் அண்ணன் ஒரு மையத்துக்குப் போய் வந்திருந்தார், எங்களிடம் சொல்லாமல். வழவழப்பான தாள் ஒன்றைக் காட்டினார்: "கத்தியில்லை, ரத்தமில்லை." மார்பகக் கட்டியை ஒலியால் கரைத்துவிடலாம், ஆபரேஷனே வேண்டாம், பாதிப் பணம் முன்பணம். ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். இன்ஷூரன்ஸ் லிஸ்டிலேயே ஹைஃபு இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது அரை உண்மை. நவீன சிகிச்சைகள் என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் போட்ட பட்டியலில் ஹைஃபு கர்ப்பப்பை ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சையோடு சேர்ந்து வருகிறது. இம்யூனோதெரபி ஊசியும் அதே பட்டியலில் இருக்கிறது. இரண்டுக்கும் கம்பெனி உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே தனியாக ஒரு வரி இருக்கும். மார்பகப் புற்றுக்குச் செய்யும் ஹைஃபுவை அந்த வரி பிடித்துக்கொள்ளும். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

உண்மையான ஆய்வு என்றால் அடையாளம் உண்டு. இந்தியாவில் எந்த மருத்துவ ஆய்வும் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவு எண் கேளுங்கள், வலைத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவமும் தர வேண்டும். தமிழில் கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. ஆய்வு சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி நேர்மையான குவி ஒலி ஆய்வு ஒன்று நம் ஊரில் வந்து, அதில் வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்கும் என்றால், நானே என் நோயாளிகளிடம் அதைப் பற்றிச் சொல்வேன்.

எங்கள் முடிவு இப்படி அமைந்தது. கார்போபிளாட்டின் சேர்ந்த முழுக் கீமோ, அதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. பையனின் கம்பெனி இன்ஷூரன்ஸில் இம்யூனோதெரபிக்கு உச்சவரம்பு இருந்தது. முழு அளவு பதினேழு தவணைக்கு அது பக்கத்தில்கூட வராது. மூன்று நான்கு தவணையில் பணம் தீர்ந்து நடுவில் நிறுத்துவதைவிட, எய்ம்ஸ் முறையில் மூன்று தவணையைத் திட்டமிட்டு முடிப்பது நல்லது என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். அது வழக்கமான அளவு இல்லை என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார், அதுதான் சரி. இன்ஷூரன்ஸ் முழுதாக இருந்திருந்தால் நான் தயங்காமல் முழு அளவைத்தான் கேட்டிருப்பேன். ஐந்து வருடக் கணக்கு இருப்பது அதற்கு மட்டும்தான். இன்ஷூரன்ஸே இல்லாத வீடு என்றால், கார்போபிளாட்டின் கீமோவை அரசு ஆஸ்பத்திரியில் உடனே தொடங்குங்கள் என்பேன். ரேஷன் கார்டு கர்நாடகமா தமிழ்நாடா என்பதைப் பொறுத்து அரசு காப்பீட்டுத் திட்டம் மாறும், முதல் நாளே கார்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

முதல் தவணைக்கு முன்னால் கிளிப் வைத்தார்கள். எள்ளு அளவு டைட்டானியம், ஊசி வழியாகக் கட்டியின் நடுவில். கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால் சர்ஜன் எந்த இடத்தை எடுப்பார்? அதற்கு அடையாளம் இது. இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சில இடங்களில் மறந்துவிடுகிறார்கள். எம்ஆர்ஐ அன்று தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார் அண்ணி. மெட்டி மட்டும் வரவில்லை, இருபத்திரண்டு வருடத்து மெட்டி. குழாயடியில் சோப்பு போட்டு நான் உருவியபோது, "கழட்டவே மாட்டேன்னு இருந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது கீமோவில் ஐந்து தவணை முடிந்திருக்கிறது. இரண்டாவது தவணைக்குப் பிறகு ஒரு ராத்திரி ஜுரம் 101 வந்து, விடியும்வரை காத்திருக்காமல் அத்திப்பள்ளி டோல் தாண்டி ஓடிவந்து அட்மிட் ஆனார்கள்; கவுண்ட் இறங்கியிருந்தது, நான்கு நாளில் சரியானது. தைராய்டு இதுவரை நார்மல். போன வாரம் டாக்டர் கட்டி இருந்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தார், கைக்குச் சிக்கவில்லை. ஸ்கேனில் கிளிப் மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. இன்னும் மூன்று தவணை, அப்புறம் ஆபரேஷன். பையன் வாரத்துக்கு ஒரு முறை சிடிஆர்ஐ வலைத்தளத்தைத் திறந்து பார்க்கிறான். பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.